கண்ணாடி கழற்றி வைக்கும் இடம்

அத்தியாயம் 9

மூக்குக்கண்ணாடி கோணிப்போனதற்குக் கடைக்கு வருபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்றுதான் என்பார் முதலாளியம்மா. மேலே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை பிடித்து இழுத்துவிட்டது. கைதவறிக் கீழே விழுந்துவிட்டது.

"நாலாவது காரணத்தை யாரும் கல்லாவுக்கு முன்னாடி நின்னு சொல்ல மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொள்வார். அது என்ன காரணம் என்று துருவி பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் சொன்னதில்லை.

துருவி என்பது அவளுடைய பெயரல்ல. சின்ன வயதில் எதையும் துருவித் துருவிக் கேட்டதால் அண்ணன் வைத்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. அப்பா போன பிறகு தங்கையின் படிப்பு நிற்கக்கூடாது என்று படையில் சேர்ந்தவன் அண்ணன். போர் முடிந்து அவன் திரும்பி வந்தான். அவனுடைய காவல் முறையில் ஏதோ நடந்தது, பக்கத்தில் படுத்திருந்தவன் எழவில்லை என்பதுவரை வீட்டுக்குத் தெரியும். அதற்குமேல் அவளாலும் துருவ முடியவில்லை.

இப்போது அவளுக்கு முன்னால் கிடந்தது அண்ணியின் கண்ணாடி.

நேற்று மதியம் அண்ணி அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள். சென்ற முறை போலவே இந்த முறையும் மேலே உட்கார்ந்துவிட்டதாகத்தான் சொன்னாள். முகத்தில் பழைய கண்ணாடி, அதன் ஒரு கம்பியில் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. தேநீர் வேண்டாம் என்றாள். கிளம்பும்போது நாற்காலியில் இருந்தபடியே, "எழுந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. கடையில் எவரும் இப்படி அறிவித்துவிட்டு எழுந்து துருவி பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா முதலில் மழுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவனுக்குத் தூக்கத்தில் போர் திரும்ப வருகிறது. கையை வீசுகிறான். பக்கத்தில் இருப்பவள்மேல் படுகிறது. விடிந்தால் அவனுக்கே நினைவில்லை. வெளியே மூச்சு விடாதே, வேலைக்கு உலை வைத்துவிடும்.

துருவிக்கு மனசு லேசாகிவிட்டது. அண்ணன் அடிக்கவில்லை, அண்ணனுடைய தூக்கம் அடித்தது. அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இன்று காலை வேலைமேசையில் உட்கார்ந்தாள்.

கண்ணாடியை எடுத்து விளக்கின்கீழ் திருப்பினாள். ஒருவர் உட்கார்ந்தால் கம்பிகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரியும், தவளை கால் பரப்பியதுபோல. இதில் இடது கம்பி உள்பக்கமாக மடிந்திருந்தது. வலது பக்கத்து மூக்குத்தாங்கி முறுக்கிக்கொண்டு நின்றது. அதன் ஓரத்தில் ஒரு கறுத்த புள்ளி. நகத்தால் சுரண்டினாள். துரு அல்ல.

எதிரே நின்ற ஒருவருடைய வலது கை இடது கன்னத்துக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.

எதிரே நின்ற. அந்த இரண்டு சொற்களில் அவள் நின்றுவிட்டாள். படுத்திருந்தாலும் இப்படி ஆகலாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கம்பியைச் சூட்டுப் பெட்டியில் வைத்து இளக்கினாள். மெல்ல வெளியே வளைத்தாள். திருகாணியை முடுக்க எடுத்த குட்டித் திருப்புளி விரலில் இருந்தபடியே அடுத்த கேள்வி வந்தது.

தூங்கும்போது எவள் கண்ணாடி போட்டுக்கொள்வாள்?

கல்லாவில் இருந்த முதலாளியம்மாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். கண்ணாடியோடு யாராவது தூங்குவார்களா?

"எங்க மாமனார் தூங்குவார். கனவு தெளிவா தெரியணுமாம்" என்றார் அவர், தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்தார். துருவியின் கையில் இருந்ததைப் பார்த்தார். அதற்குமேல் கிண்டல் வரவில்லை. "முடிச்சிட்டு நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. மதியத்துக்கு மேல லீவுதானே கேட்டிருந்தே? இப்பவே கிளம்பு."

அரைநாள் விடுப்புக்கு மூன்று நாள் முறைப்பவர், கேட்காமலே அரைமணி சேர்த்துக் கொடுத்தார். துருவி அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. திருப்புளியை அதன் பெட்டியில் செருகினாள். கடைக் கருவிகள் காணாமல் போகின்றன என்று முதலாளியம்மா ஒவ்வொன்றின் பிடியிலும் பச்சை நகப்பூச்சு தடவி வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் ஓர் இடம் கொஞ்ச நாளாகவே காலியாக இருந்தது.

விடுப்பு எதற்கென்றால், இன்று பிற்பகல் படைவீரர் மருத்துவமனையில் அண்ணனை வரச் சொல்லியிருந்தார்கள். மனைவியும் கட்டாயம் வரவேண்டும் என்றிருந்தார் டாக்டர். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவள் சொல்வதை வைத்துத்தான் மேற்கொண்டு சிகிச்சை. எல்லாம் தூக்கத்தில்தான் என்றால் இரவு மாத்திரையை மாற்றிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணி அதே வீட்டுக்குத் திரும்பிப் போவாள். வேறு மாதிரி என்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவால் படியேற முடியாததால் துணைக்குத் துருவி.

"கூடப் போயிட்டு வா. அங்க போய் உன் வேலையைக் காட்டாதே" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள் அம்மா.

*

அண்ணன் வீடு இரண்டாம் மாடி. அழைப்பு மணி இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் ஆகாது என்று அவனே கழற்றிவிட்டான். கதவைத் தட்டவும் கூடாது. வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும்.

"நான்தான் அண்ணா. துருவி."

கதவு திறந்தது. சலவைச் சட்டை, மழித்த முகம். மருத்துவமனைக்கு என்றாலும் அணிவகுப்புக்குப் போவதுபோல்தான் கிளம்புவான்.

"வாடி. ஊருக்கெல்லாம் கண்ணு குடுத்துட்டு வர்றியா? உங்க முதலாளியம்மா இன்னும் கண்ணாடியைத் தலைமேல வச்சுக்கிட்டே தேடுறாங்களா?"

அவள் சிரித்தாள். இவனா என்று இருந்தது. அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன். அவள் விழுந்தால் முதலில் தெருவைத் திட்டிவிட்டு அப்புறம் அவளைத் தூக்குபவன்.

ஆனால் இன்று அவள் கண் வீட்டை வேறுமாதிரி பார்த்தது. நாற்காலிகள் எல்லாம் முதுகைச் சுவரில் சாய்த்திருந்தன. அவன் உட்காரும் நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை, திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும். ஒழுங்கு பிடித்த மனிதன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒழுங்குதான். யாருக்காக என்பதுதான் கேள்வி.

சமையலறைக்குள் போனாள். அண்ணி அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை எடுத்தாள். "திரும்புறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அண்ணன் கூடத்தில் இருந்தான், அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

அண்ணி வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களின் உள்விவகாரத்தைச் சொல்லிவிடுவாள். தன் விவகாரம் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு.

துருவி கண்ணாடியை நீட்டினாள். குரலை இறக்கினாள்.

"இதுமேல யாரும் உக்காரல அண்ணி."

அண்ணி பாத்திரத்தை மூடினாள். மூடி சத்தம் போடாமல் இருக்க விரலை இடையில் கொடுத்து மூடினாள். சூடு பட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை.

"அத்தை சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க. தூக்கத்துலன்னு."

"அப்புறம் என்ன?"

"கண்ணாடி போட்டுக்கிட்டா தூங்குனீங்க?"

அண்ணி கையைத் துணியில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"ஆமா. போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன். இல்லாட்டி அரைச் சாணுக்கு அந்தப்பக்கம் எனக்கு எல்லாம் புகை. அவர் கை வர்றது தெரிய வேணாமா?"

கை வருவதைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்குவது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ காரணத்துக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறாள். படிக்க, ஓட்ட, தைக்க. இப்படி ஒரு காரணத்தை அவள் கேட்டதில்லை.

"அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். பகல்ல இருக்கிற மனுஷனை நீயே பாக்கிறியே" என்றாள் அண்ணி.

ஒட்டுநாடா சுற்றிய கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சரி செய்ததைத் துருவியே மாட்டிவிட்டாள். கம்பி காதில் சரியாக உட்காருகிறதா என்று விரலால் தடவினாள். அது தொழில் பழக்கம். பவுடருக்குக் கீழே கன்ன எலும்பில் பழுத்த மஞ்சள் நிறம் தெரிந்தது. காதுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

எதுவும் தெரியாததுதான் அவளை உறுத்தியது. ராத்திரியும் கண்ணாடியோடு கிடப்பவர்களுக்குத் தலையணை அழுத்தி அங்கே ஒரு சிவந்த தடம் விழும். செய்தித்தாளோடு தூங்கிப்போகும் கிழவர்கள் எல்லாருக்கும் அது உண்டு. அண்ணியின் காதுக்குப் பின்னால் தோல் வழுவழுவென்று இருந்தது.

கைப்பையை எடுத்து வரச் சொன்னாள் அண்ணி. படுக்கையறையில் கட்டிலுக்கு அந்தப்பக்கம் சிறிய அலமாரி. அதன்மேல் ஒரு பீங்கான் கிண்ணம், உள்ளே மடித்துப் போட்ட மெத்தென்ற துணி. கிண்ணம் காலியாக இருந்தது. எதற்கு என்று துருவி யோசிப்பதற்குள் கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. பேருந்துக்கு நேரமாகிறது.

*

மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தின் நடுவில் போட்டிருந்த பெஞ்சுகள் அத்தனையும் காலி. வந்திருந்த ஆண்கள் எல்லாரும் சுவரோரமாக, முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்தது. அத்தனை தலைகளும் ஒரே திசையில் திரும்பின. பிறகு ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டார்கள். அண்ணனும் சிரித்தான். மற்றவர்களோடு அவன் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகிறது.

டாக்டர் மெலிந்த பெண்மணி. மேசைக்குக் குறுக்கே உட்காராமல் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டிருந்தார். கதவு அண்ணனின் பார்வையில் படும்படி அவனை உட்கார வைத்தார். முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்டார். நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்ப்பதாகச் சொன்னான். இரைச்சல் தொந்தரவாக இல்லையா என்றார். இரைச்சல் ஒரே சீராக இருந்தால் தொந்தரவில்லை, நின்றால்தான் பயம் என்றான். கனவு வருகிறதா, வருகிறது. விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறதா, கொஞ்சம் நேரமாகும்.

பிறகு அண்ணியைப் பார்த்தார். இவர் உங்கள்மேல் கை வைத்திருக்கிறாரா என்று நேராகவே கேட்டார்.

"தூக்கத்துல மட்டும்" என்றாள் அண்ணி. பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டும் குரல். "முழிச்சிருக்கும்போது இல்ல. அவருக்கு நினைவும் இருக்காது. நான்தான் காலையில எடுத்துச் சொல்லுவேன்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

இதோ முடிந்துவிட்டது. மூன்று பேரும் எழுந்து போகலாம். பேருந்து ஏறலாம். அந்தத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு.

எலும்பில்லாத நாக்கு என்பார்கள். துருவியின் நாக்கு தானாகப் புரண்டதா, அவள் அறிந்துதான் புரண்டதா என்று பிற்பாடு அவளுக்கே நிச்சயமில்லை.

"டாக்டர், இதையும் எழுதிக்குங்க. அண்ணி ராத்திரியும் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறாங்க. கை வர்றது தெரியணும்னு. அவ்வளவு பயத்தோட தூங்குறாங்க. அடிபட்டு வளைஞ்ச அந்தக் கண்ணாடியை இன்னைக்குக் காலையிலதான் நான் நிமித்துனேன்."

அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சூடு இருந்தது.

"இல்ல" என்றான் அண்ணன்.

அவன் பேசியதையே முதலில் யாரும் உணரவில்லை. டாக்டர்தான் பேனாவை நிறுத்தினார்.

"எது இல்ல?"

"அவ கண்ணாடி போட்டுக்கிட்டுத் தூங்குறதில்ல." நிதானமாகச் சொன்னான். மேலதிகாரியிடம் நிலவரம் சொல்வதுபோல். "தினம் ராத்திரி எழுந்து ஒரு சுத்து சுத்துவேன். வாசக்கதவு. ஜன்னல். அடுப்புக் குழாய். கடைசியா அவ பக்கத்து அலமாரி. அங்க ஒரு கிண்ணம். கண்ணாடி அதுல இருந்தா அவ வீட்ல இருக்கான்னு அர்த்தம். பாத்துட்டுத்தான் திரும்பப் படுப்பேன். ஒரு நாள்கூட அது இல்லாம இருந்ததில்ல."

"நீங்க வந்து பாப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றாள் அண்ணி.

"நீ தூங்கிட்டு இருப்ப."

இத்தனை காலமாக ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து அடைத்து வைத்த பொய் அது. எந்த நேரத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாளோ அந்த நேரத்தின் வழியாக உடைந்துபோயிற்று. அதை உடைத்தது யாரிடமிருந்து அவள் மறைத்தாளோ அவர்களல்ல. யாருக்காக மறைத்தாளோ அவனே.

டாக்டர் எழுதியதைக் கிழிக்கவில்லை, ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்ப அந்தக் கண்ணாடி வளைஞ்சப்போ நீங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருந்தீங்க."

யாரும் மறுக்கவில்லை.

"வெளிய சுவரோரமா உக்காந்திருக்காங்களே, அவங்க எல்லாருக்கும் இதே கனவுதான் வருது. எல்லாரும் வீட்ல கை ஓங்குறதில்ல. கனவுக்கு நான் மருந்து தருவேன். கைக்கு வேற வேலை இருக்கு, அது நீங்க செய்ய வேண்டிய வேலை." அண்ணனிடம் சொல்லிவிட்டு அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "நாம ரெண்டு பேரும் தனியா பேசலாம். அவங்க வெளிய இருக்கட்டும்."

*

கூடத்தில் அண்ணன் காலியான சுவர் ஒன்றைத் தேடி உட்கார்ந்தான். முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்துகொண்டான். துருவி பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

அவனே பேசினான்.

கண்ணாடி வளைந்த அன்றைக்கு அண்ணி பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பத் தாமதமாயிற்று. தொலைபேசியை எடுக்கவில்லை. ஜன்னலில் நின்று பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். வந்தாள். ஒரு தோழிக்குக் குழந்தை பிறந்ததாம், பார்க்கப் போனாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

"சிரிச்சா. அதான்."

"அதுக்கா?"

"அங்க போயிட்டேன்னு சொல்லிக்கலாம் துருவி. சத்தம் கேட்டுச்சு, புகை தெரிஞ்சுதுன்னு. ராத்திரியில நெஜமாவே போறேன். அன்னைக்குப் போகல. இங்கதான் இருந்தேன். சமையலறையில. அடுப்புல என்ன இருந்துச்சுன்னுகூடத் தெரியும்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "மறுநாள் அவளே சொன்னா, தூக்கத்துல பண்ணிட்டீங்கன்னு. நான் தூங்கவேயில்லன்னு அவளுக்கும் தெரியும். சரின்னு தலையாட்டிட்டேன். சௌகரியமா இருந்துச்சு."

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சைக்கிளின் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்த கை. பிடிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மடியில் தன் கைகளையே கோத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட எத்தனை தடவை வந்துச்சு? கண்ணாடி."

"ரெண்டு தடவை."

அவன் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினான்.

"நாலு."

தூக்கத்தில் நடந்ததை எவனும் எண்ணி வைப்பதில்லை. அந்த ஒற்றைச் சொல்லில் அவள் அண்ணனைப் பற்றி அதுவரை நம்பிக்கொண்டிருந்தது போயிற்று. ஆனால் அதைச் சொல்லத் துணிந்தவனும் அவன்தான். இரண்டையும் எந்தக் கையில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை நான் விட்டுட மாட்டேன் அண்ணா. ஆனா இன்னைக்கு நான் அண்ணிகூடத்தான் போவேன்."

அவன் தலையசைத்தான். கொஞ்சம் கழித்து, மற்ற இரண்டு தடவையும் எங்கே சரி செய்தாள் என்று கேட்டான். அவளுக்கும் அதே யோசனைதான். தெரியாது என்றாள்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. அண்ணி வந்தாள். "வர்றேன்" என்று சொல்லவில்லை. நேராக நடந்து அவன் தோளருகே வந்து நின்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது கை தானாக மேலே எழுந்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தொடையோடு அழுத்திக்கொண்டான். மூச்சு வாங்கியது. பக்கத்துச் சுவரில் இருந்தவர் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணி பின்வாங்கவில்லை. மூக்கின்மேல் கண்ணாடியைச் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வீட்டுக்கு வரல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மாத்திரை சாப்பிட்டுப் படுங்க."

"எங்க போற?"

"சொல்ல மாட்டேன்."

கிண்ணம் காலியாக இருக்கப்போகும் இரவு அவன் கண்முன்னால் வந்து நின்றது துருவிக்குத் தெரிந்தது.

"டாக்டர் கூப்பிடுறாங்க. போங்க."

எழுந்தான். சட்டையை இழுத்துச் சரிசெய்தான். திறந்திருந்த அறையின் வாசலில் நின்று, இதுவரை அந்த வீட்டில் அவன் ஒருவன் மட்டும் சொல்ல வேண்டியிராத சொல்லைச் சொன்னான்.

"உள்ள வர்றேன்."

*

வெளியே வெயில் தணிந்திருந்தது. மருத்துவமனை வாசலில் பேருந்துக்கு ஒரு கூட்டம். துருவி அண்ணியின் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மனசுக்குள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். அம்மா முதலில் கதவைத் திறப்பாள். காரணத்தைக் கேட்டதும் மருமகளைப் பார்த்து, அவன் பட்டது போதாதா என்று ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கட்டும். தன் கட்டிலை அண்ணிக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொள்ளலாம்.

"உன் வாய் சும்மாவே இருக்காது" என்றாள் அண்ணி.

"கோவமா அண்ணி?"

"இருக்கு. அதை அப்புறம் வச்சுக்கலாம்."

வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. துருவி படியில் கால் வைத்தாள். அண்ணி வரவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். சொல்லாமல், அறிவிக்காமல், விடுவிடுவென்று. துருவி குதித்து இறங்கி ஓடினாள்.

"அம்மா வீட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணி."

"அத்தை வீட்டுக்குன்னு யார் சொன்னது?"

"பின்ன எங்க?"

அண்ணி துருவியின் தோளிலிருந்த கைப்பையைத் திறந்து உள்ளே துழாவினாள். அப்போதுதான் துருவி அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"மத்த ரெண்டு தடவை கண்ணாடியை யார்கிட்ட குடுத்தீங்க?"

"கேக்காம இருக்கியேன்னு பாத்தேன்."

பையின் அடியிலிருந்து அவள் ஒரு சாவியை எடுத்தாள். அண்ணன் வீட்டுச் சாவி அல்ல. அம்மா வீட்டுச் சாவியும் அல்ல. புதிதாக அறுத்த பித்தளைச் சாவி. அதனோடு சேர்த்து வளையத்தில் கோத்திருந்தது திருகாணி முடுக்கும் குட்டித் திருப்புளி ஒன்று.

அதன் பிடியில் முதலாளியம்மாவின் பச்சை நகப்பூச்சு.